காணி விட்ட பிறகு

யோகட் கோப்பையில் கொண்டுவந்திருந்தாள்.
மூடிக்குப் பதிலாக ஷொப்பிங் பையும் றப்பர் வளையமும்.
"விடியப் போனது, இன்னும் சூடு ஆறேல்லை" என்றாள்
பால் கொண்டுவந்தவளைப் போல.

தெல்லிப்பழை ஆசுபத்திரி ஆய்வுகூடத்துப் படிவம்.
பெயர் கவிசன். வயது நாலரை.
முகவரிக்கு ஒரு வரிதான்.
"எதை எழுத?" என்று கேட்டாள் நிரஞ்சலா.
மயிலிட்டியில் பிறந்து
கைக்குழந்தையாய் மல்லாகம் போய், மீசாலை போய்,
கிளாலி கடந்து, தருமபுரம்,
பிறகு செட்டிகுளத்துக் கம்பிவேலி,
பிறகு கோணப்புலம் முகாம்,
இப்ப மயிலிட்டி.
"இப்ப இருக்கிறதை எழுதும்" என்றேன்.
அழுத்தி எழுதினாள்.
தாளின் மறுபக்கத்திலும் ஊர் தடவுப்பட்டது.

உப்புநீரில் ஒரு பொட்டு, அயடீனில் ஒரு பொட்டு.
கண்ணை வைத்தேன்.
சாயத்தேநீர் நிறத்தில் ஒரு குட்டிப் பீப்பா,
இரண்டு முனையிலும் அடைப்பான்.
சாட்டைப்புழு முட்டை.
பக்கத்தில் பலாத்தோல் போர்த்துக்கொண்டு
உருளைப்புழுவின் முட்டை.
எண்ணினேன்.
பிறகு எண்ணுவதை விட்டேன்.

"மண் தின்கிறவனோ?"

சிரித்தாள். கொஞ்சம் பொறுத்துத்தான் சொன்னாள்.
காணி விட்ட அன்று
படலை இருந்த இடமே தெரியாமல்
கிணற்றுக்கட்டை வைத்துத்தான் வளவைக் கண்டுபிடித்தார்களாம்.
புருசன் குந்தியிருந்து
ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வாயில் போட்டானாம்.
கமராக்காரர் இன்னொருக்காப் போடச் சொன்னாராம்.
போட்டானாம்.
இடுப்பிலிருந்து இறங்கின பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றது.
"அண்டைக்குத் தொடங்கினது மிஸ்.
அடிச்சும் பாத்திட்டன்.
அப்பா திண்டவர்தானே எண்டு கேக்கிறான்."

இரத்தம் குறைந்தால் வாய் மண்ணைத் தேடும்.
மண்ணைத் தின்றால் இரத்தம் குறையும்.
எது முதல் என்று என் கருவிகளுக்குத் தெரியாது.
ஈமோகுளோபின் ஏழு தசம் நாலு.

உருளைப்புழுவுக்கு ஒரு பயணம் இருக்கிறது.
குடலில் பொரிக்கும், அங்கே தங்காது.
ஈரலுக்குப் போய், நெஞ்சறைக்குப் போய்,
இருமலோடு தொண்டைக்கு ஏறி,
விழுங்கப்பட்டு,
புறப்பட்ட இடத்துக்கே வந்துதான் வளரும்.
படிக்கிற காலத்தில் அம்புக்குறி போட்டு
அழகாய்க் கீறுவேன்.
அவளுக்கும் கீறிக்காட்டப் பேனா எடுத்தேன்.
படிவத்தின் அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டது.
மூடிவைத்தேன்.

வேறு கேட்டேன். கக்கூசு?
வீட்டுத்திட்டத்தில் குழி வெட்டினது.
நாலடியில் சுண்ணாம்புக்கல்.
பிறகு வாறன் என்று போன கொந்தராத்துக்காரன்
பிறகு வரவேயில்லை.
அதுவரைக்கும் பின்பக்கத்துப் பத்தை.
கிணறு எவ்வளவு தூரம்?
சுவரைத் தொட்டு, வாசலைக் காட்டினாள்.
என் ஆய்வுகூடம் சின்னது.

"முப்பது வருசமா மண்ணைத் தா, மண்ணைத் தா எண்டு
றோட்டில கிடந்தம் மிஸ்.
இப்ப உதுகள் இவன்ரை வயித்துக்கை இருந்துகொண்டு
காணி ஆற்றை எண்டு கேக்குதுகள் போல."

நான் சிரித்திருக்கக் கூடாது.

பூச்சிக்குளிசை சப்பித் தின்னலாம், தோடம்பழ வாசம்.
வீட்டில் எல்லாரும் போட வேண்டும்.
ஆறு மாதத்தில் திரும்பவும்.
நகம். செருப்பு. கொதித்தாறின தண்ணீர்.
தலையாட்டியபடி இருந்தாள்,
எத்தனையோ கூடாரங்களில்
எத்தனையோ பேருக்கு ஆட்டிப் பழகிய தலை.

மத்தியானம் வெளியே வந்தபோது
மருந்து வரிசையில் அவள் நின்றாள்.
கவிசன் புதுச் செருப்பைக் கழற்றி
இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு
வேப்பமரத்தடியில்
முழங்காலில் தவழ்ந்து
டக், டக், டக் என்று
எங்கேயோ போய்க்கொண்டிருந்தான்.