பதினொரு செக்கன்

மாங்குளம் திரைப்பட வட்டத்தின் ஆறாவது பருவம்
சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்க முந்தின கிழமை.
கூட்டுறவுச் சங்கத்தின் பழைய நெற்களஞ்சியம்.
வாடகை இல்லை,
உமியைக் கூட்டித் தள்ளுவது எங்கள் பாடு.
திரை, இரண்டு கட்டில் விரிப்பு.
தைத்தது சுகிர்தமலர். நடுவில் ஒரு மூட்டு.
ஈரான் கிழவனுக்கும் செனகல் மீன்காரிக்கும்
மூக்குக்கு மேலால் அதே தையல் ஓடியது.
மூன்றாம் நாள், அது எங்கள் கண்ணில் படவில்லை.

நான் காணிக் கிளையில் எழுதுவினைஞர்.
பகலில் தட்டுவது:
'தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.'
இரவில் அதே விரல்களால்
தூரத்து மலைத் தேசமொன்றின் பெண்ணைத்
தமிழில் கதைக்க வைத்துக்கொண்டிருந்தேன்.
ஒரு வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து.
அதற்கு மேல் ஏற்றினால்
பின்வாங்கில் இருக்கிற முத்துவேல் அண்ணன்
பாதி வழியில் இறங்கிவிடுவார்.

பனி என்று எழுதினேன். அழித்தேன்.
இங்கே பனி
விடிய, பூசணி இலையில் இருந்துவிட்டுப் போவது.
அவளுடையது முழங்கால் மட்டும் நிற்கிறது,
வண்டிச் சில்லை விழுங்குகிறது.
வேறு சொல் தேடி இரண்டு இரவு போனது.
பனி என்றே விட்டேன். பார்க்கட்டும்.

கடைசி இரவு.
நாற்பது கதிரை, இருபத்தாறு பேர், ஒரு நாய்.
கச்சான் கோதுக்கு மேலே விளக்கு அணைந்தது.
முதல் காட்சியிலேயே பிழைத்தது:
தபாற்கந்தோர் யன்னலில் அவள் வாய் திறக்கிறாள்,
கீழே ஒன்றுமில்லை.
திரும்புகிறாள். கதவு. வெளியே வெள்ளை.
கட்டி நிற்கிற குதிரை,
அந்தக் குதிரையின் முகத்துக்குக் கீழே
வந்து நின்றது என் வரி:
'எனக்குக் கடிதம் ஏதும் இருக்கா?'

களஞ்சியம் முழுக்கச் சிரிப்பு. நான் செத்தேன்.

புரொஜெக்டருக்குப் பக்கத்தில் கோபிதாசன்
கைபேசியில் நேரம் பிடித்தான்.
'பதினொரு செக்கன் பிந்துது அக்கா. நிப்பாட்டட்டோ?'

முன்வரிசையில் விமலாம்பிகை,
திரும்பாமல்:
'விடு தம்பி. ஓடட்டும்.'

அவருக்கு நான் ஏழு கடிதம் தட்டியிருக்கிறேன்.
ஏழிலும் ஒரே வசனம்.
இலக்கமும் திகதியும்தான் வேறு.

பிறகு படம் எங்களுக்குப் பழகியது.
முகம் முதலில் வரும். அதை வாங்கி வைத்துக்கொள்வோம்.
சொல் வந்து சேரும்வரை
கொதிக்கிற தேத்தண்ணிக் கோப்பையைப் போல
கைக்குக் கை மாற்றிக்கொண்டிருப்போம்.
றிஸ்வியின் மகள் நஸ்மியா முந்திக்கொண்டு சொல்லுவாள்,
'இப்ப இல்லையெண்டுவாள், பாருங்கோ.'
அவள் ஓமென்றாள்.
இன்னொருமுறை சிரித்தோம், வேறு மாதிரி.

இடையில் இரவு மெயில் போனது.
சுவர் அதிர்ந்தது,
மலை முழுவதும் விரிப்போடு சேர்ந்து நடுங்கியது.
ரயிலுக்கு நிறுத்துவதுதான் வழமை.
அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

முடிவு இதுதான்:
யன்னலுக்குள் இருக்கிறவன் தலையை ஆட்டுகிறான்,
அவள் என்னவோ சொல்லிவிட்டுப் போகிறாள்,
திரை இருண்டுவிடுகிறது.
படம் முடிந்தது.
ஒரு கதிரையும் அசையவில்லை.
கீழே வரவேண்டியது இன்னும் வரவில்லையென்று
நாயைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

ஆளில்லாத துணியில்,
தையலுக்குச் சற்று இடப்பக்கமாக, வந்தது:
'சரி. நாளைக்கும் வாறன்.'

பிறகுதான் எழும்பினோம்.

கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றபோது
சைக்கிளை உருட்டியபடி விமலாம்பிகை வந்தார்.
காணியைப் பற்றித்தான் என்று
என் வாயில் அந்த வசனம் முழுசாக எழும்பிவிட்டது.

'பிள்ளை, உந்தப் பனி எவ்வளவு ஆழம்?'

குனிந்து
முழங்காலைத் தொட்டுக் காட்டினேன்,
உடனேயே.