விசா கிடைக்காத மே மாதம்

மறுத்துவிட்டார்கள். ஒரே வரி.
நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதில்
எங்களுக்கு உறுதியில்லை.
திருப்பூரில் வீட்டுக்கடன் இன்னும் பதினேழு வருடம்,
நாங்கள் எங்கே திரும்பாமல் போவது?
லீவு ஏற்கெனவே போட்டாயிற்று.
விலைச்சீட்டுக் கிழிக்காத நான்கு ஸ்வெட்டர்கள்
பீரோவுக்குள் போயின.
பரணி காருக்குக் காற்று பிடித்து வந்தான்.

நத்தத்தில் துருவன் வாந்தியெடுத்தான்.
சிங்கம்புணரியில் நிறைமதி,
தன் பக்கத்துக் காற்றையும் சேர்த்துத்
தம்பி மூச்சு விடுவதாகப் புகார் சொன்னாள்.
துண்டைச் சுருட்டி சீட்டின் நடுவே எல்லை போட்டேன்.
திருப்பத்தூருக்குள் இருமுறை மீறப்பட்டது.
போனுக்குள் இருந்த பெண்
கானாடுகாத்தானை நாலாக உடைத்துச் சொல்ல,
அதையே பாட்டாக்கி
இறங்கும்வரை உயிரை எடுத்தார்கள்.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட தெருக்கள்.
ஒரு வீட்டின் உச்சியில் கஜலட்சுமி.
இரு பக்கமும் தொப்பி போட்ட வெள்ளைக்கார சிப்பாய்கள்,
துப்பாக்கியோடு, காக்கை எச்சத்தோடு.
"இவங்களுக்கு மட்டும் யாரு விசா குடுத்தா?"
நிறைமதிக்குப் பதினொரு வயது.
கடிதத்தை அவளும் படித்திருக்கிறாள்.

ஆளுக்கு ஐம்பது ரூபாய். செருப்பு வாசலோடு.
தரை இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம், தூண் பர்மா.
சரக்குப் பட்டியல் வாசிப்பவர்போல
ஒரே மூச்சில் சொல்லிவிட்டுக்
காவலாளி அழகுமணி
மின்விசிறிக்குக் கீழே போய் நின்றுகொண்டார்.
துருவன் பளிங்கில் குப்புறப் படுத்தான்,
கன்னத்தை ஒட்டி.
"இத்தாலி ஜில்லுன்னு இருக்கும்மா."
எழுப்ப மனசு வரவில்லை.
நாங்கள் பெல்ஜியத்தில் முகம் பார்த்தோம்.
ரசம் போன இடத்தில்
பரணியின் பாதி மீசையைக் காணோம்.
சிரித்துவிட்டான்,
கடிதம் வந்த நாளிலிருந்து சிரிக்காத ஆள்.

திரும்பினால், இத்தாலியில் யாருமில்லை.
கன்னம் இருந்த இடத்தில் கொஞ்சம் எச்சில்.

முற்றம். இன்னொரு முற்றம். சாப்பாட்டுக் கூடம்.
பூட்டுகள், பூட்டுகள்.
பெயர் சொல்லிக் கத்தினேன்.
ஒவ்வொரு கூடமும் அதை வாங்கி
அடுத்த கூடத்துக்குக் கொடுத்தது.
கிணற்றைப் பார்க்காததுபோல் கடந்தேன்.
நிறைமதிதான் எட்டிப் பார்த்தாள்.
"கம்பிவலை போட்டிருக்கும்மா."
அந்தக் குரலில் அவளுக்கு என் வயது.

பின்கதவு ஒருக்களித்திருந்தது.
வெளியே வேறொரு தெரு.
ஒரு தெருவில் தொடங்குகிற வீடு
அடுத்த தெருவில்தான் முடியும் என்று
யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

டிரான்ஸ்பார்மர் நிழலில்
கொக்குபோலக் கால் மாற்றி மாற்றி நின்றிருந்தான்.
எதிரே ஓர் ஆடு,
விசாரணை அதிகாரிபோல மென்றபடி.
"இங்க ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலம்மா!"
முதுகில் ஒன்று வைத்தேன்.
அப்புறம் இடுப்பில் ஏற்றிக்கொண்டேன்,
ஆறு வயதுக்கு நல்ல கனம்.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.
அழகுமணிக்கு மூன்று மணி டீ.
தட்டினோம், தட்டினோம்.
செருப்புகள் முன்தெருவில்.
சுற்றித்தான் போகவேண்டும், அந்த மதிலோ முடிகிற மதில் இல்லை.

நிழலுக்கு நிழல் ஓடினோம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடு என்று
நிறைமதி பெயர் வைத்துக்கொண்டே வந்தாள்.
வேப்பமரம் பிரான்ஸ்.
மின்கம்பம், ஒருத்தர் ஒற்றைக்காலில் நிற்கலாம், லக்சம்பர்க்.
அவளைக் கேட்காமலே ஒரு சைக்கிளை
ஸ்பெயின் என்றான் பரணி, சண்டை வந்தது.
முனையில் நின்ற தண்ணீர் லாரி ஜெர்மனி.
குழாய் ஒழுகி அங்கே தரை நனைந்திருந்தது.
எட்டுக் கால்களும் சேற்றில்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
அங்கிருந்து திரும்பி வருவோம் என்பதில்
கொஞ்ச நேரம்
எங்களுக்கே உறுதியில்லை.