ஊதா ஜன்னல்

மார்ச் ஒன்பது. வெளியே மைனஸ் பதினெட்டு.
வெய்க்கோ கட்டம் போட்ட தாளில்
பீன்ஸ் நடுகிறார்.

ஒரு கட்டம் ஒரு சாண் என்று கணக்கு.
கேரட்டுக்குப் பக்கத்தில் வெங்காயம்.
உருளைக்கிழங்கை வடக்கு மூலைக்குத் தள்ளியாயிற்று.
போன வருடம் முட்டைக்கோஸ் நின்ற இடத்தில்
இந்த வருடம் முட்டைக்கோஸ் நிற்கக் கூடாது.
ரப்பர் தேய்ந்து
மேசையெல்லாம் கறுத்த துகள்.
"முதல் எரு" என்று ஊதித் தள்ளுகிறார்.

காகிதத் தோட்டத்தில் நத்தை இல்லை,
களை இல்லை, முயல் இல்லை.
எனக்கு அதன் மேல் கொஞ்சம் பொறாமை.

நான் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன்,
சொட்கமோவின் ஏரிக்கரைச் சாலை முழுக்க,
இரவு இரண்டு மணிக்குத் தொடங்கி.
லாரியின் முன்னால் மாட்டியிருப்பதும் கலப்பைதான்.
உழுகிறேன், உழுகிறேன்,
ஒரு சால்கூட மறுநாள் மிஞ்சுவதில்லை.

திரும்பும் நேரம் ஊரே இருட்டு.
எங்கள் சமையலறை மட்டும்
ஊதா.

தள்ளுபடியில் வாங்கிய செடிவிளக்கு அது.
அதன் கீழே தயிர் டப்பாக்கள், வெட்டிய பால் அட்டைகள்,
ஒவ்வொன்றிலும் ஐஸ் குச்சியில் எழுதிய பெயர்.
தண்ணீர் பட்டுப் பாதிப் பெயர் கரைந்துவிட்டது.
எது தக்காளி, எது கத்தரி என்று
அவை வளர்ந்துதான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரியில் ஒருமுறை விதைத்தோம்.
அவசரப்பட்டது நான்.
வெளிச்சம் தேடி நூலாய் நீண்டு,
கழுத்தில் பூஞ்சை பிடித்து,
ஒரே இரவில் எல்லாம் சாய்ந்தன.
வெய்க்கோ ஒன்றும் சொல்லவில்லை.
மண்ணை அடுப்பில் வைத்துச் சுட்டார்.
வீடு இரண்டு நாள் மழை பெய்த சவக்குழி போல் மணத்தது.

மிளகாய் விதை நான்கு வருடப் பழசு.
ஈரத்துணியில் பத்தைச் சுருட்டி
ஃப்ரிட்ஜின் தலைமேல் வைத்தோம்.
பன்னிரண்டாம் நாள் மூன்று வெள்ளை வால்கள்.
பத்துக்கு மூன்று.
என் பள்ளிக்கூட மதிப்பெண்ணைவிட மோசமில்லை.

வியாழக்கிழமை போலீஸ் வந்தது.

இளவட்டம். பெயர் நீலோ.
பூட்ஸைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலிலேயே தயங்கினான்.
இரவெல்லாம் ஊதா வெளிச்சம்,
விடிகாலையில் வீடு நுழையும் ஒரு பெண்,
பைபையாக மண்.
யாரோ தகவல் சொன்னார்களாம்.
யாரென்று சொல்லக் கூடாதாம்.
எதிர்வீட்டுச் சிர்க்காவின் திரைச்சீலை
அப்போது லேசாக அசைந்தது.

"இது என்ன?"
"தக்காளி."
"இது?"
"அதுவும் தக்காளி என்றுதான் நம்புகிறோம்."

குனிந்தவன் நிமிரவில்லை.
ஒரு நாற்று தன் விதையோட்டைக் கழற்ற முடியாமல்
தொப்பி மாட்டிய தலையோடு முழித்துக்கொண்டிருந்தது.
இரண்டு இலையும் உள்ளே மடங்கிச் சிறைப்பட்டிருந்தன.
"இழுக்காதே, கிழிந்துவிடும்" என்றார் வெய்க்கோ.
"நனை."
நீலோ கையுறையைக் கழற்றினான்.
விரல்நுனியில் ஒரு சொட்டை ஏந்தி
ஓட்டின் மேல் வைத்தான்.
மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.
காபி ஆறியது.

எவ்வளவு நேரமென்று தெரியாது.
ஓடு விழுந்தது.
ஒரு சத்தமும் இல்லை, எப்படி இருக்கும்.
ஆனாலும் அவன் "ஓ" என்றான்.

குறிப்பேட்டில் எழுதினதை எட்டிப் பார்த்தேன்:
தக்காளி, பதினேழு. ஒன்று இப்போதுதான்.

போகும்போது கேட்டான்,
வெளியே எப்போது நடுவீர்கள் என்று.
"ஜூன் பத்துக்கு முன்னால் எடுத்து வைத்தால்
உறைபனி தின்றுவிடும்."
அவன் விரல்விட்டு மாதங்களை எண்ணினான்.

அன்று மாலை வெய்க்கோ
இரண்டு புதிய ஐஸ் குச்சிகளில் எழுதி வைத்தார்.
ஒன்றில் நீலோ.
இன்னொன்றில், வெள்ளரி டப்பாவில்,
சிர்க்கா.
அவர் அப்படித்தான்.

நான் அப்படி இல்லை.
இரவு நல்ல பனி. முழங்கால் ஆழம்.
எங்கள் தெருவின் குவியலை
எங்கள் வேலிக்குள் தள்ளுவதுதான் வருடாவருடம் வழக்கம்.
அங்கே காகிதத்தில் பீன்ஸ் இருந்தது.
மேலே மலை ஏற்றினால் மண் எப்போது உருகும்?

கலப்பையைத் திருப்பி
எல்லாவற்றையும் சிர்க்கா பக்கம் தள்ளினேன்.