குளிர்நீர்க் குழாய்

சோஹாரில் செப்டம்பர்.
ஆய்வகத்தின் நீலக் குமிழைத் திருகினால்
மொட்டைமாடித் தொட்டியின் மதியம்
நேராகக் கையில் விழும்.
சிவப்புக் குமிழ்தான் இங்கே குளிர்.
ஹீட்டரை அணைத்துவிட்டால்
அது நிழலில் கிடக்கும் ஒரு வாளி, அவ்வளவே.

கையேட்டுக்கு இது தெரியாது.
அறை வெப்பநிலையில் உள்ள குழாய்நீர்
நூறு மில்லி எடுக்கவும் என்கிறது,
எந்த ஊர் அறை, எந்த ஊர்க் குழாய் என்று சொல்லாமல்.

முதலாண்டு இயற்பியல், செவ்வாய்க்கிழமைக் குழு.
பதினெட்டு நோட்டுகள்.
பதினேழில் தொடக்க வெப்பநிலை இருபத்தைந்து.
பதினேழிலும் செம்பின் தன்வெப்பம்
புத்தகத்துக்கு ஒரு முடி தூரத்தில்.
சரி போட்டுக்கொண்டே போனேன்,
எல்லாச் சிக்னலிலும் பச்சை கிடைத்தவன்போல.

பதினெட்டாவது மைஸா அல் பலூஷியுடையது.
நாற்பத்தொன்று. அடித்திருந்தாள்.
முப்பத்தொன்பதரை. அதுவும் அடி.
முப்பத்தெட்டு.
ஓரத்தில் பென்சிலில்:
“செம்பை இன்னும் போடவே இல்லை.
தண்ணீர் ஏன் தானாக இறங்குகிறது?”

அதன்பின் செம்பை மறந்தே போனாள்.
இருபத்திரண்டில் உறுமும் ஏசிக்கு அடியில்
நிமிடத்துக்கு ஒரு தடவையாக
ஒரு மணி நேரம் குனிந்திருக்கிறாள்.
வரைபடத்தில் ஒரு வளைவு.
முதலில் அவசரம், போகப்போகத் தயக்கம்.
ஒரே ஒரு புள்ளி மட்டும் வரிசை மீறி மேலே.
அதற்கு அம்புக்குறி இட்டு எழுதியிருந்தாள்:
“என் கை. பாத்திரத்தைத் தூக்கிவிட்டேன்.”

விடைக்கான கட்டம் காலி.

நான் படித்த கல்லூரியில்
ஊசலை ஆட்டியதைவிடக்
கணக்குப் போட்டதே அதிகம்.
ஒன்பது புள்ளி எட்டில் புறப்பட்டு
பின்பக்கமாக நடந்து
அலைவு நேரங்களைக் கண்டெடுப்போம்.
ஐம்பதுக்கு ஐம்பது.
வெளித்தேர்வாளர் மோர் குடித்தபடி கையெழுத்திட்டார்.
பூமி என்னை எவ்வளவு இழுக்கிறது என்று
இன்றுவரை நான் அளந்ததில்லை.

நேற்றைய துறைக் கூட்டத்தில்
டாக்டர் ஹைதம் திரையில் ஒரு கலோரிமானியைக் காட்டினார்.
உடையாது, கசியாது, பராமரிப்பு வேண்டாம்,
கற்றல் விளைவுகள் ஏழும் கிடைத்துவிடும்.
அதில் தண்ணீர் எப்போதும் இருபத்தைந்து.
குழாய் எங்கே என்று கேட்டேன்.
நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார்.

மதிப்பெண் பட்டியலின்படி
விடை இல்லையென்றால் பத்துக்கு மூன்று.
மூன்று என்றுதான் போட்டேன்.
பிறகு அதை அடித்தேன்.
அடித்தது தெரியட்டும், வெள்ளை மை பூசவில்லை.
பக்கத்தில் என்ன எண் எழுதுவது என்று விளங்கவில்லை.
சரி போட்ட பதினேழும்
மேசையில் என்னையே பார்த்துக் கிடந்தன.

காவலர் விளக்கணைக்க வரும் நேரம்.
நீலக் குமிழைத் திறந்து
ஒரு பீக்கரில் பிடித்தேன்.
வெப்பமானியில் பாதரசம் ஏறி நின்றது.
நாற்பது.
எழுதிக்கொண்டேன்.
இன்னும் ஒரு நிமிடம் கழித்து
மறுபடி பார்க்க வேண்டும்.