இடியப்பத்துக்குச் சூடு

ரைஸ் குக்கர் திருத்துகிறவனுக்குப்
பாம்பு இருக்கும் வீட்டிலிருந்து அழைப்பு வருமென்று
யார் கண்டது.

கொட்டாஞ்சேனை, ஆறாம் மாடி,
மிஸ் திரேசி காசிச்செட்டி.
கதவு திறந்ததும் முகத்தில் ஏசி அடித்தது,
மீன்கடை ஐஸ் பெட்டியைத் திறந்தாற்போல.
அவவின் மனுசன் இரவிரவாகக்
கனடாக் கம்பனி ஒன்றுக்குக் கணக்குப் பார்க்கிறாராம்.
பத்தொன்பதுக்கு மேலே போனால்
அவருக்கு மூளை ஓடாதாம்.
வெளியே கொழும்பு
ஈரத் துவாயை முகத்தில் போட்டபடி கிடக்கிறது.

"இதுதான் இடியப்பம்" என்றா.
கண்ணாடித் தொட்டிக்குள்
யாரோ பிழிந்து வைத்துவிட்டு மறந்துபோன சுருள்,
கபிலமும் கறுப்புமாய்.
சுருளின் நடுவில் ஒரு வீக்கம்:
நேற்றிரவு விழுங்கிய எலி.

"சூடு காணாட்டிச் செமிக்காது.
உள்ளுக்கையே அழுகும்.
போன மாசம் முழுசாய்க் கக்கிப்போட்டாள், அது எப்பிடி இருந்ததெண்டா..."
நான் அவசரமாய்
ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன்.

தொட்டிக்குள்ளே ஒரு சூட்டுக் கல்,
வயர் நேரே பிளக்குக்கு,
இடையில் ஒன்றுமில்லை.
கையை வைத்தேன், எடுத்தேன்.
அயன் பெட்டியைக் குழந்தைக்குத் தலையணையாக வைப்பதுபோல் ஒரு வேலை.
பாம்பின் வயிற்றுச் செதிலில்
இரண்டு ரூபாய்க் குத்தியளவு பழைய தழும்பு.
"சுடச் சுட ஏன் விலகேல்லை மிஸ்?"
"வேறெங்கையும் குளிர்தானே."

கல்லைக் கழற்றி என் பைக்குள் போட்டேன்.
தொட்டிக்கு வெளியே, அடியில்,
ஒரு பக்கத்துக்கு மட்டும் சூட்டுப் பாய்.
காற்றுப் போக நாலு ரப்பர் கால்.
குஞ்சு பொரிக்கும் பெட்டியொன்று செத்தபோது
நான் கழற்றி வைத்திருந்த தெர்மோஸ்டாட்,
அதன் நுனி சூடு விழும் இடத்தில்.
முப்பத்தொன்று.
மற்றப் பக்கத்துக்கு வயரே இல்லை.

"முழுக்கப் போட்டால் என்ன?"
அறைக்குள்ளிருந்து மனுசன் கேட்டார்,
கணக்கில் கண்ணை வைத்தபடி.
"போட்டால் அது எங்க போறது?" என்றேன்.

பிறகு காத்திருப்பு.
பிளேன்டீ வந்தது, ஆறியது.
ரிலே ஒருமுறை கிளிக் என்றது.
அப்போதுதான் அவள் தலையைத் தூக்கி
என்னைப் பார்த்தாள்.
பார்த்தது கண்ணாலல்ல என்றா மிஸ்,
உதட்டோரம் வரிசையாய் இருக்கும் குழிகளால்;
சூடு அதற்குத் தெரியுமாம்.
ஆக, அந்த அறையில் நான்
பெயரில்லை, தொழிலில்லை,
கொடுக்காத வாடகையில்லை,
முப்பத்தேழு டிகிரியில் நிற்கும் ஓர் உருவம்.
சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாள்.

நகர்ந்தாள். அவசரமேயில்லை.
வீக்கத்தைச் சூட்டுப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள்,
பாரம் இறக்குகிறவன் மூட்டையைப் பார்த்து வைப்பதுபோல.
தலையை மட்டும் குளிர்ப் பக்கம் நீட்டினாள்.
மிஸ் பேசவில்லை.
நான் பில் எழுதினேன்.

"கரண்ட் போனால்?"
"போத்தலில சுடுதண்ணி. துவாயைச் சுத்தி, கண்ணாடிக்கு வெளியில.
உங்கட மணிக்கட்டில வைச்சுப் பாருங்கோ முதல்ல."
"ரெண்டு நாளைக்கு நானும் தொடக் கூடாது" என்றா,
நான் தொடப்போகிறேன் என்பதுபோல.

கிராண்ட்பாஸில் என் அறை,
பகலெல்லாம் வெயில் குடித்த அஸ்பெஸ்டஸ்.
ஃபேனில் கப்பாசிட்டர் போய் இரண்டு கிழமை;
ஊராருடையதைத் திருத்தவே நேரம் காணாது.
சிமெந்துத் தரையில் சுவரோரம் உருண்டேன்.
வாசற்பக்கம் உருண்டேன்.
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
ஒரே டிகிரி.

ஒன்பதாம் நாள் மிஸ்ஸிடமிருந்து மெசேஜ்:
செமிச்சிட்டுது.
கூடவே ஒரு படம்.
எதன் படம் என்று நான் சொல்லப் போவதில்லை,
சோற்றுப் பார்சலைத் திறந்திருந்தேன்.

கையைக் கழுவிவிட்டு
ஃபேனைக் கழற்றினேன்.