ஒரே வீட்டில் இரண்டு இத்தா

பீர்மைதீன் மவுத்தானது
சஃபர் பிறை ஒன்பதில், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்.
அன்றிலிருந்து நாலு மாதம் பத்து நாள் என்று
ஆலிம்சா வாசலில் நின்று சொன்னது
சந்து முழுக்கக் கேட்டது.
என் கணக்கு ஊர்க்கணக்கு.
பால்காரருக்குத் தெரியும், பீடிக்கடைக்குத் தெரியும்,
மேலப்பாளையத்துக்கு மேலே வருகிற பிறைக்குத் தெரியும்.
என்னை யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

மீராளுடையது வேறு.
அவர் தங்கச்சி.
பதிவுத் தபாலில் வந்தது அவளுக்கு, ஒரு தலாக்.
தபால்காரர் கையெழுத்துப் போடச் சொன்னபோது
கையில் புகையிலைத் தூள்.
மூன்று ஹைளு வந்து, மூன்றாவதற்குக் குளித்து எழும்வரை
அவன் திரும்பி வரலாம்.
நிக்காஹ் வேண்டாம், மஹர் வேண்டாம்,
'திருப்பிக்கிட்டேன்' என்றால் போதும்.

ஒரே முற்றம், ஒரே விளக்கு,
எதிரெதிரே இரண்டு முறம்.
நான் வெள்ளைத் துணியில். அவள் பச்சைச் சேலையில்,
அவளுக்கு வெள்ளை இல்லை.
நான் மறந்துவிடாமல் இருக்க எண்ணினேன்.
அவள் எதற்கு எண்ணினாள் என்று கேட்கவில்லை.
இலையை நறுக்குவாள், தூளை வைப்பாள், உருட்டுவாள்,
நூல் சுற்றும்போது மட்டும்
வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணும்.
கேட்டால், படியில் விழுந்தேன் மைனி, என்பாள்.
அவன் வீட்டில் படியே கிடையாது.

எனக்கு முப்பத்தேழு நாள் மிச்சமிருந்த அன்று
அசருக்குப் பின்னே மசூது வந்தான்.
கூட ஜமாஅத்தில் இரண்டு பேர், ஆலிம்சா,
ஒரு கிலோ அல்வா.
திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம்.
இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும்
மூச்சைச் சின்னதாக்கிக்கொண்டு.

அவன் தொண்டையைச் செருமினான்.
"கோவத்துல அனுப்புன கடுதாசி அது. நான் திருப்பிக்..."

"முடிஞ்சிட்டு," என்றாள் மீராள்.
சத்தமாக இல்லை. பீடியை எண்ணுகிற குரலில்.
"மூணாவதும் முடிஞ்சிட்டு. நேத்து ராத்திரி குளிச்சிட்டேன்."

ஒருவர் இருமினார்.
இன்னொருவர் தேதி கேட்டார், விரல் மடக்கினார்,
சரியாத்தான் வருது, ஒட்டி வருது, என்றார்.
மசூது, பொய், என்றான்.
ஆலிம்சா அவனைப் பார்த்துச் சொன்னார்:
"இதுல சாட்சி கேக்க முடியாது தம்பி.
அந்தப் பிள்ள உடம்புக்கு அந்தப் பிள்ளதான் சாட்சி."
பிறகு திரையைப் பார்த்து:
"வயித்துல உள்ளத மறைக்கது ஹராம்.
அல்லாவ முன்ன வச்சுச் சொல்லுதியாம்மா?"

கத்தரிக்கோலை எடுத்தாள்.
ஒரு நூலை வெட்டினாள், தேவையே இல்லாத நூல்.
"ஆமா."

அல்வா திரும்பிப் போகவில்லை, அதை மறந்துவிட்டார்கள்.
பையன் வந்து அதைப் பிரித்தான்.

குழாயில் தண்ணீர் வந்து அன்றோடு நாலு நாள்.
குளியலறையில் ஒரே டிரம்.
முந்தின நாள் காலையில்
அதில் எந்த வளையம் வரை தண்ணீர் கிடந்தது என்று
எனக்குத் தெரியும்,
கடைசியாக மொண்டது நான்தான்.
ராத்திரி எனக்குத் தூக்கமும் இல்லை.
வாளிச் சத்தம் கேட்டதா?
கேட்டிருக்கலாம். அடுத்த வீட்டுச் சத்தமாயும் இருக்கலாம்.
சுவர் ஒன்றுதானே.

மஹரிபுக்கு ஒளு செய்யப் போனேன்.
சோப்பு காய்ந்திருந்ததா ஈரமா என்று கை பட்டுத் தெரியுமுன்
கையை எடுத்துக்கொண்டேன்.
டிரம் மூடி கொஞ்சம் விலகியிருந்தது.

குனியவில்லை.
வாளியில் கிடந்த மிச்சத்தில் ஒளுவை முடித்தேன்.
மூடியை இழுத்துச் சரியாக மூடி
மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு
தொழப் போனேன்.