வால் இல்லாத எழுத்து

பூர்க்டோர்ஃபில் மார்ச் மாதத் தூறல்.
பேர்ன் ரயிலில் வந்திறங்கிய மதிப்பீட்டாளர்
திருமதி எஷ்லிமான்
ஈரக் குடையை எங்கே வைப்பது என்று கேட்டார்.
அதற்கு எங்களிடம் நடைமுறை ஆவணம் இல்லை.
யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு வாரமாகத் துடைத்திருந்தோம்.
காலாவதியான வினைபொருள் ஒன்றுகூட இல்லை,
மையவிலக்கிக்கு அடியிலும் தூசி கிடையாது.
ரேட்டோ தன் பூச்சட்டியை
வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான்.

அவர் இயந்திரங்களைப் பார்க்கவில்லை.
கதிரையை இழுத்துப்போட்டு
இரத்தக் குளிர்பெட்டியின் வெப்பநிலைத் தாள்களைப் புரட்டினார்,
அரிசியில் கல் பொறுக்குகிறவர் போல.

"இந்தக் குறி யாருடையது?"
"என்னுடையது. சுகிர்தாவின் முதல் எழுத்து.
கையொப்பப் பட்டியலில் இருபத்திரண்டாவது வரி."
ஒப்பிட்டார். தலையசைத்தார்.
ஜனவரி பதினைந்து, பதினாறு,
பதினேழு, இரவு: 4.1.
அவர் விரல் நகர்ந்துவிட்டது.
என் கண் நகரவில்லை.

சு-வுக்கு வால் இல்லை.
வெறும் ச.
எழுதத் தெரியாத கை வரைந்திருக்கிறது,
பெட்டி வரைவதுபோல, மூலை மூலையாக.

நிமிர்ந்தேன். ரேட்டோவின் காது சிவந்திருந்தது.
நான் வெறுமையாய் விட்ட கட்டத்தை
எனக்காக நிரப்பியிருக்கிறான்.
கேட்டால் வேண்டாம் என்பேன் என்று
கேட்காமலே.

அந்த இரவு நினைவிருக்கிறது.
பிரசவ அறையிலிருந்து தொலைபேசி,
மறுபடி தொலைபேசி, பிறகு ஓடிவந்த ஓர் ஆள்.
குளிர்பெட்டிக் கதவைப் பதினொரு தடவை திறந்தேன்.
அது 4.1இல் நின்றிருக்கவே முடியாது.
எத்தனையில் நின்றது? பார்க்கவில்லை.
கை நிறைய ஓ நெகட்டிவ்.

எஷ்லிமான் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.
வால் இருந்தாலும் இல்லாவிட்டாலும்
அவருக்கு அது கிறுக்கல்தான்.
நான் சும்மா இருந்திருக்கலாம்.
சும்மாவும் சு-வில்தான் தொடங்குகிறது.

"அதை நான் எழுதவில்லை."
ஜெர்மனிலும் அந்த வினைச்சொல் கடைசியில்தான் வந்தது.
நடுவில் நிறுத்த இடம் இருந்தது.

அவர் பேனாவை மூடினார், திறந்தார்.
ஓர் இணங்காமை. திருத்த முப்பது நாள்.
மூலகாரணம் எழுத மூன்று வரி.

மத்தியானம் ரேட்டோ வேறு மேசையில் சாப்பிட்டான்.
பூச்சட்டி இன்னும் திரும்பி வரவில்லை.

அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது,
பார்கோடு மட்டும் தெரியும்.
ஜனவரி பதினெட்டு காலை, அதே பார்கோடில்
ஹீமோகுளோபின் தொண்ணூற்றிரண்டு.
ஆய்வுகூடத்தில் நாங்கள் சுகம் விசாரிப்பது இப்படித்தான்.

மூன்று வரியில் இரண்டை எழுதிவிட்டேன்.
குளிர்பெட்டி இப்போது 5.2.
குறித்துவைக்க யாராவது ஒரு பேனா தாருங்கள்.
என்னுடையது ரேட்டோவிடம் இருக்கிறது.